பேண்டு வாத்தியாருக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

டெக்சாஸில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு ஒரே அழுகையாம். பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. படிக்கப் போகிறாராம். அவளுடைய தாத்தா, அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, பீப்பி ஊதக் கத்துக் கொடுக்கிறவருக்கு டாக்டர் பட்டம் எதுக்கு? படிச்சு முடிச்சா இன்னும் நல்லா ஊதிடுவாரா?”

ஊத மாட்டார். சாதகம் பண்ண நேரம் கிடைக்காமல் கொஞ்சம் மோசமாகவே ஊதலாம். ஆனாலும் சார் கேட்டது நியாயமான கேள்வி. டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிட முடியாது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார வேண்டிய விஷயம்.

முதலில், அமெரிக்காவில் பள்ளி பேண்டு என்பது என்ன? நமக்கு பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம், இல்லையென்றால் சுதந்திர தினக் கொடியேற்றம். அங்கே அது கணக்கு, அறிவியல் மாதிரி ஒரு பாடம். கால அட்டவணையில் அதற்கு மணி உண்டு; மதிப்பெண் உண்டு; பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வியில் பட்டமும் அரசு உரிமமும் பெற்ற ஆசிரியர் உண்டு. 1838-ல் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் லோவல் மேசன் என்பவரின் முயற்சியால் பாட்டு ஒரு பாடமானது. கருவிகள் பெரிய அளவில் உள்ளே நுழைந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. ராணுவ பேண்டில் வாசித்துத் திரும்பியவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. கருவி செய்கிறவர்களுக்குச் சந்தை வேண்டியிருந்தது. ஊர்களுக்குத் தங்கள் பள்ளியின் பெயர் சொல்ல ஒரு பேண்டு வேண்டியிருந்தது. 1923-ல் சிகாகோவில் நாடு தழுவிய பள்ளி பேண்டுப் போட்டி நடந்தது. போட்டி வந்ததும் சூடு பிடித்துக்கொண்டது.

கிளாரினெட் என்றால் நமக்கு ஏ.கே.சி. நடராஜன்தான் நினைவுக்கு வருவார். அந்த மரபில் குரு முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டு, திரும்ப வாசித்துக் கற்பது வழி. அமெரிக்கப் பள்ளியில் ஒரே மணி நேரத்தில், கருவியை அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளைகள் கும்பலாக எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பல மாநிலங்களில் புல்லாங்குழல், டிரம்பெட், டிராம்போன், டிரம்ஸ் எல்லாம் ஒரே வகுப்பில் கலந்திருக்கும். இத்தனை பேரை மே மாதத்துக்குள் மேடை ஏற்றிவிட வேண்டும். இது தனித் திறமை. நல்ல வித்வானாக இருப்பதால் மட்டும் வந்துவிடாது.

அந்தத் திறமையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கிளாரினெட்டில் ‘பிரேக்’ என்று ஓர் இடம் உண்டு. கீழ் ஸ்வரங்களிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால் விரல்கள் ஒவ்வொன்றாகத் துளைகளை விட்டு எழும். கடைசியில் கிட்டத்தட்ட எல்லா விரலும் காற்றில் நிற்கும். அடுத்த ஸ்வரத்துக்கு ஒரே நொடியில் எல்லா விரலும் திரும்ப இறங்கி எல்லாத் துளைகளையும் மூட வேண்டும். இடது கட்டைவிரல் பின்பக்கச் சாவி ஒன்றையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் நூலளவு விலகியிருந்தாலும் ‘கீச்’ என்று வாத்து கத்தும். இருபது பிள்ளைகள், இருபது கீச். வாத்தியார் கையை நிறுத்தி, “மூணாவது வரிசை, வலது கை மோதிர விரல்” என்பார். அந்தப் பெண் விரலைச் சரிசெய்வாள். மறுபடி வாசிப்பு. மொத்தமும் சில விநாடிகள்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரிடம் கேட்டால், “காதுல விழுந்துச்சு” என்பார். டீ மாஸ்டர் நிறத்தைப் பார்த்தே டிகாக்‌ஷன் எந்த அளவு என்று சொல்லிவிடுவார். நேற்று சேர்ந்த பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் “பாத்துப் பாத்து வரும்டா” என்பதோடு நின்றுவிடுவார். டாக்டர் பட்டம் தொடங்குவது இந்த இடத்தில்தான். காதில் விழுந்தது சரி. எது விழுந்தது? விழாதவருக்கு அதை விழவைப்பது எப்படி? எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே திருத்தம் போதுமா, அல்லது அவள் கையே துளைக்கு எட்டாத அளவு சின்னதா? வகுப்பு நடக்கும்போது வாத்தியாரால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த நொடி டிராம்போன் காத்திருக்கிறது. விநாடியில் விடை சொல்வதற்காகவே அவருக்குச் சம்பளம். பிஎச்.டி.யில் அதே மனிதரை உட்காரவைத்து, விடை சொல்லாதே, கேள்வியைச் சரியாகக் கேள் என்கிறார்கள். அந்தப் பட்டத்தின் முழுக் கஷ்டமும் முழுப் பயனும் இதுதான் என்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க பேண்டு வகுப்புகளில் பயிற்சிப் பதிவேடு என்று ஒன்று வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் தினமும் எத்தனை நிமிஷம் வாசித்தாய் என்று பிள்ளை எழுத வேண்டும். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். நேரத்துக்கு மதிப்பெண். நம் வீட்டு ஹோம்வொர்க் நோட்டு மாதிரியேதான். கையெழுத்து எப்படிக் கிடைக்கும் என்பதும் அதே மாதிரிதான். இந்த ஏற்பாட்டின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நேரம் கூடினால் வாசிப்பு கூடும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ராபர்ட் டியூக், ஏமி சிம்மன்ஸ், கார்லா கேஷ் ஆகிய மூவர் அதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். பியானோவைப் பிரதானமாகப் படிக்கும் 17 மாணவர்கள். ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து மூன்றே மூன்று தாளக்கட்டம் (பார்) நீளமுள்ள ஒரு துண்டு. பயிற்சி செய்யவிட்டுப் படம் பிடித்தார்கள். மறுநாள் வரவழைத்து வாசிக்கச் சொல்லித் தரவரிசை போட்டார்கள். எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார் என்பதற்கும் அந்த வரிசைக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனை முறை வாசித்தார் என்பதற்கும் இல்லை. எத்தனை முறை தப்பாக வாசித்தார் என்பதற்குத்தான் சம்பந்தம் இருந்தது. மேல்வரிசைக்காரர்களும் ஆரம்பத்தில் தப்புப் பண்ணினார்கள். ஆனால் தப்பு வந்த இடத்தில் நின்றார்கள். அது எங்கே, எதனால் என்று பிடித்தார்கள். வேகத்தைக் குறைத்துச் சரிசெய்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். மற்றவர்கள் தப்பையும் சேர்த்துச் சாதகம் பண்ணினார்கள்.

“இதை எங்க வாய்ப்பாட்டு வாத்தியார் அப்பவே சொன்னாரே” என்றார் சார். சொல்லியிருப்பார். நல்ல ஆசிரியர்கள் பல பேர் சொன்னதுதான். ஆனால் எங்கள் வாத்தியார் சொன்னார் என்பதை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பதிவேட்டை மாற்றச் சொல்ல முடியாது. எதை அளந்தோம், எப்படி அளந்தோம், யார் வேண்டுமானாலும் திரும்ப அளந்து பார்க்கலாம் என்று வைத்தால்தான் பேச்சு நகரும். 17 பேர் போதுமா, பியானோவில் கண்டது ஆறாம் வகுப்பு டிராம்போனுக்குப் பொருந்துமா என்று அடுத்தவர் கேட்கலாம். அப்படிக் கேட்பதும் பிஎச்.டி. வேலைதான்.

சில சமயம் கேள்வி, கேட்கிறவர் காலையே வாரிவிடும். நிதி குறைகிறபோதெல்லாம் பள்ளி வாரியம் முதலில் கண் வைப்பது இசையின் மேல். அப்போது பேண்டு வாத்தியார்கள் எடுக்கும் ஆயுதம் ஒன்று: ‘இசை படிக்கிற பிள்ளைகள் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள்.’ எடுக்கிறார்கள்தான். ஆனால் இசையாலா? மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கென்னத் எல்பஸ் நாடு தழுவிய தரவுகளை வைத்து 2013-ல் பார்த்தார். குடும்பப் பின்னணி, ஏற்கெனவே படிப்பில் இருந்த நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இசைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் முன்பே வசதியும் படிப்பும் உள்ளவர்கள். அவரே கார்லோஸ் அப்ரிலுடன் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 2004-ல் பள்ளி முடித்தவர்களில் பள்ளி இசைக் குழுக்களில் இருந்தவர்கள் 21 சதவீதம் என்றும், அதில் ஏழைப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளும் தங்கள் விகிதத்துக்குக் குறைவாகவே இருந்தார்கள் என்றும் தெரிந்தது.

பத்து வருஷம் பெற்றோர் கூட்டத்தில் எஸ்.ஏ.டி. கதையைச் சொல்லி பேண்டைக் காப்பாற்றிய ஒருவர், முதல் செமஸ்டரில் இந்த ஆய்வைப் படிக்கும்போது எப்படி இருக்கும்? ஆயுதம் கையை விட்டுப் போகிறது. ஆனால் அதைவிடப் பெரிய ஒரு கேள்வி கைக்கு வருகிறது: நம் வகுப்புக்கு வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை? வாடகைக் கருவிக்குப் பணமா, பள்ளி முடிந்து நின்றால் வீட்டுக்குப் போக வண்டி இல்லையா, தங்கள் பாட்டு எதுவும் அங்கே ஒலிக்கவில்லையா?

கருவி தேர்ந்தெடுக்கிற நாளும் இப்படித்தான். புதுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். கடைசியில் பெண்கள் பெரும்பாலும் புல்லாங்குழல் பக்கமும் ஆண்கள் டிரம்ஸ் பக்கமும் நிற்பார்கள். ‘அவங்களுக்குப் பிடிச்சிருக்கு’ என்று வாத்தியார் பெயர் எழுதிக்கொள்வார். ஹரால்ட் ஏபல்ஸும் சூசன் போர்ட்டரும் 1978-லேயே இதைப் பிரித்துப் பார்த்தார்கள். புல்லாங்குழல், வயலின், கிளாரினெட் பெண்ணுக்கு; டிரம்ஸ், டிராம்போன், டிரம்பெட் ஆணுக்கு என்ற எண்ணம் பெரியவர்கள் மனத்திலேயே இருந்தது. 2009-ல் ஏபல்ஸ் மறுபடி பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. தானாக வந்த விருப்பம் என்று நினைத்தது வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது என்று தெரிந்த பிறகு, அந்த நாளை வாத்தியார் பழையபடி நடத்த முடியாது.

இனி பட்டங்களைப் பற்றி. இதில்தான் பலர் தவறான பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பேண்டு வாத்தியார்களில் பலருக்கு மனசுக்குள் இருக்கும் ஆசை, பல்கலைக்கழகத்தின் பெரிய விண்ட் பேண்டை நடத்துவது. பேண்டுக்கென ஹோல்ஸ்ட் எழுதிய ‘சூட்’டையோ கிரெய்ஞ்சர் எழுதிய ‘லிங்கன்ஷயர் போஸி’யையோ பெரிய பிள்ளைகளை வைத்துச் செதுக்குவது. அந்த ஆசைக்கு உரிய படிப்பு விண்ட் கண்டக்டிங்கில் டி.எம்.ஏ. (டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ்). அது கையசைவையும் இசைப் பிரதியையும் பற்றியது. பாதி படிப்பு மேடையில் நடக்கும். இசைக் கல்வியில் பிஎச்.டி. வேறு பாதை: ஆராய்ச்சி, எழுத்து, புள்ளியியல், நாளைய ஆசிரியர்களைத் தயார் செய்வது. எட்.டி. என்பது கல்வித் துறை டாக்டர் பட்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் இசைக் கல்வியில் அதை வெகுகாலமாகத் தருகிறது. இசைக் கல்வியிலேயே டி.எம்.ஏ. தரும் இடங்களும் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகம் அதை 2005-ல் இணையவழியில் தொடங்கியபோது, வேலையை விடாமலே படிக்க வழி பிறந்தது. நம் ஊரில் அமெரிக்க இசை டாக்டர் பட்டம் என்றால் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள்; ஆனால் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் அங்கே பெற்றது இன இசையியலில். அது ஒரு மக்களின் இசையைப் படிப்பது. இசைக் கல்வி, ஒரு பிள்ளை இசையைக் கற்பதைப் படிப்பது.

நுழைவு எப்படி? பல துறைகள் குறைந்தது மூன்று வருஷமாவது பள்ளியில் பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. வகுப்பு நடத்தும் வீடியோ, எழுத்து மாதிரி, நேர்முகம் இவையும் உண்டு. முழுநேரமாகச் சேர்ந்தால் பெரும்பாலும் உதவி ஆசிரியர் வேலை கொடுப்பார்கள்: கட்டணம் தள்ளுபடி, மாதம் ஒரு சிறு தொகை. அந்தத் தொகை பள்ளிச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது. பதிலுக்கு, பயிற்சி ஆசிரியர்களைப் பள்ளிகளில் போய்ப் பார்ப்பது, இளங்கலை வகுப்பு எடுப்பது என்று வேலை வாங்குவார்கள்.

முதல் இரண்டு வருஷம் வகுப்புகள். இசைக் கல்வியின் வரலாறு, உளவியல், தத்துவம், ஆய்வு முறைகள். தத்துவ வகுப்பில் பென்னட் ரைமரும் டேவிட் எலியட்டும் மோதுவார்கள். ரைமர் 1970-ல் எழுதிய நூல், இசைக் கல்வி என்பது அழகை உணரும் மனத்தை வளர்ப்பது என்ற பக்கம் நின்றது. எலியட் 1995-ல், இசை என்பது மனிதர்கள் செய்கிற செயல், செய்துதான் கற்க முடியும் என்று எதிர்வாதம் வைத்தார். கேட்கப் புத்தகச் சண்டையாகத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் மைதானத்தில், ஆட்ட இடைவேளைக் காட்சிக்காக ஆகஸ்ட் வெயிலிலிருந்து பிள்ளைகளை அணிவகுக்க வைத்தவருக்கு அது சொந்தச் சண்டை. அந்தக் காட்சி இசைக் கல்வியா, ஊர்த் திருவிழாவா, இரண்டுமா? இங்கிலாந்தின் லூசி கிரீன், ராக் இசைக்காரர்கள் வாத்தியார் இல்லாமல் பதிவைக் கேட்டும் நண்பர்களைப் பார்த்தும் எப்படிக் கற்கிறார்கள் என்று 2002-ல் எழுதிய நூலைப் படித்தால் இன்னும் சங்கடம். நான் இல்லாமலே இவர்கள் கற்றுவிட்டார்களே!

வகுப்புகள் முடிந்ததும் பெரிய தேர்வு, ‘காம்ப்ஸ்’ என்பார்கள். பிறகு ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைக்க வேண்டும். மனிதர்களை, அதிலும் சிறுவர்களைப் பற்றிய ஆய்வு என்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள்தானே, நான் கேட்டால் சொல்வார்கள் என்பது அங்கே செல்லாது. மதிப்பெண் போடுகிற வாத்தியார் கேட்டால் பிள்ளை எப்படி மாட்டேன் என்று சொல்லும்? பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சம்மதம், பெயர் மறைப்பு எல்லாம் எழுதிக் காட்ட வேண்டும். அதன்பின் தரவு, ஆய்வேடு, வைவா. மூன்று முதல் ஐந்து வருஷம் சாதாரணம். வகுப்புகளையும் தேர்வையும் முடித்துவிட்டு ஆய்வேட்டில் மட்டும் தேங்கி நிற்பவர்களுக்கு அங்கே ‘ஏ.பி.டி.’ (ஆல் பட் டிஸர்ட்டேஷன்) என்று ஒரு பெயரே உண்டு. திரும்பவும் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் அதில் நிறைய.

சிக்குவது பெரும்பாலும் கேள்வி பெரிதாக இருப்பதால். ‘பேண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது’ என்று வருவார்கள். கைடு சிரித்துக்கொண்டே வெட்டுவார். எந்தப் பிள்ளை? எந்த வயது? மாற்றம் என்று எதைச் சொல்கிறாய், எப்படித் தெரிந்துகொள்வாய்? வெட்டி வெட்டிக் கடைசியில், ‘ஆறாம் வகுப்பில் கிளாரினெட் எடுத்து எட்டாம் வகுப்பில் விட்டுவிட்ட பிள்ளைகள், விட்டதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள்’ என்று வந்து நிற்கும். சின்னதாகத் தெரிகிறது. ஆனால் விட்டுப் போன பிள்ளையை எந்த வாத்தியாரும் உட்காரவைத்துக் கேட்டிருக்க மாட்டார். அவர் கண் முன்னால் இருப்பவர்கள் எல்லாம் தங்கியவர்கள்.

“சரி, முடிச்ச பிறகு?” என்றார் சார். பெரும்பாலோர் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை தேடுவார்கள். இடங்கள் குறைவு, எந்த மாநிலத்தில் கிடைக்கிறதோ அங்கே குடும்பத்தோடு பெயர வேண்டும். சிலர் மாவட்டத்து இசைப் பாட மேற்பார்வைக்குப் போவார்கள். சிலர் பழைய வகுப்பறைக்கே திரும்புவார்கள். கல்லூரிக்குப் போனவர் தன் கையால் பேண்டு நடத்துவது அரிது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வயதுப் பயிற்சி ஆசிரியை வகுப்பு நடத்துவதைப் பார்க்க வேண்டும். கிளாரினெட் கீச்சிடும், எந்த விரல் என்று இவருக்கு உடனே தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. அவள் காதில் விழும்வரை காத்திருக்க வேண்டும். கைதட்டல் அவளுக்குப் போகும். இந்த ஏற்பாடு பிடிக்காதவருக்குப் படிப்பு பாஸானாலும் வேலை பாஸாகாது.

போகலாமா வேண்டாமா என்று தயங்குகிற பேண்டு வாத்தியாருக்கு ஒரு செலவில்லாத சோதனை உண்டு. ஒரு வாரம் தன் வகுப்பைப் படம் பிடித்துப் பார்க்கட்டும். கார்னீலியா யார்ப்ரோ, ஹாரி பிரைஸ் போன்ற ஆய்வாளர்கள் கற்பித்தலை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: ஆசிரியர் ஒன்றைச் சொல்கிறார், பிள்ளைகள் செய்கிறார்கள், செய்தது எப்படி என்று ஆசிரியர் திருப்பிச் சொல்கிறார். மூன்றாவது படி எத்தனை தடவை விட்டுப்போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, ‘நாளையிலிருந்து சரிசெய்துவிடுகிறேன்’ என்று தோன்றினால் அவர் நல்ல வாத்தியார், பள்ளிக்கு அவர் தேவை, அங்கேயே இருக்கலாம். ‘ஏன் விட்டுப்போகிறது, மற்றவர்களுக்கும் இப்படித்தானா’ என்று தோன்றி, மே மாதக் கச்சேரி முடிந்து கருவிகளைப் பூட்டிவைத்த பிறகும் அது மண்டையைக் குடைந்தால் விண்ணப்பம் போடலாம். கேள்வி எதுவும் இல்லை, களைப்பு மட்டும்தான் என்றால் ஒரு வருஷம் விடுப்பு எடுப்பது பிஎச்.டி.யைவிட மலிவு.